பிடரியில் ஒரு கை

அதற்கு அரசாணையில் ஒரு பெயர் இருந்தது: நரம்புசார் முன்னுணர்வு மேம்பாட்டு இடைமுகம். திறப்பு விழா பேனரில் அந்தப் பெயரை ஒரே வரியில் அடைக்க முடியாமல், அச்சகத்துக்காரர் பாதியில் வெட்டி, மீதியைத் தலைமைச் செயல்திறன் இயக்குனர் திரவியம் அவர்களின் படத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். படம் பெரியது. கருவி சிறியது. கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை முதுகெலும்பின்மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. இரண்டு பக்கமும் மயிரிழை மாதிரிக் கால்கள். ஒட்டியதும் அந்தக் கால்கள் தோலுக்குள் லேசாக இறங்கும். பெண்கள் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பூரான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அரசாணை தேவைப்படவில்லை.

பூரான் ஒட்டிக்கொள்ளும் வரிசையில் காளீஸ்வரி கடைசியாக நின்றாள். அணியிலும் அவள் இடம் அங்கேதான். அருப்புக்கோட்டையில் இருந்தவரை அவளைவிட வேகமான கால் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். மேலூர் சாலையில் இருக்கும் இந்த விளையாட்டு மேன்மை மையத்துக்கு வந்த பிறகுதான் அருப்புக்கோட்டை சின்ன ஊர் என்று தெரிந்தது. நேராக ஓடச் சொன்னால் ஓடிவிடுவாள். ஆனால் கோ-கோ நேராக ஓடுகிற ஆட்டம் இல்லை. எட்டுப் பேர் நடுவரிசையில், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து, குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரியைத் துரத்துவாள். துரத்துகிறவள் வரிசையைக் குறுக்கே கடக்கக் கூடாது, திரும்பியும் ஓடக் கூடாது. எதிரணிக்காரி மறுபக்கம் பாய்ந்துவிட்டால், குந்தியிருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு 'கோ' சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவள் எழலாம். தொடுவதற்கு முன் எழுந்தால் ஃபவுல். தொட்ட பிறகு தாமதித்தால் அது ஃபவுல் இல்லை, வெறும் தோல்வி. காளீஸ்வரி ஃபவுல் வாங்கியதே இல்லை.

இறுதி அணிக்குத் தேர்வாகும் ஒன்பது பேருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. ஊரில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணி நல்லவள்தான், ஆனால் காளீஸ்வரியின் தட்டில் விழும் ஒவ்வொரு தோசைக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள். மையத்தில் உபரியாக மூன்று பெண்கள் இருந்தார்கள். காளீஸ்வரி எப்போது சறுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்களுடைய பயிற்சி.

கருவியைக் கண்டுபிடித்த டாக்டர் நித்திலா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்ப்பார்.

"கால் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. உங்க எல்லாருக்கும் அது வந்தாச்சு," என்றார். "இனிமே மிச்சம் இருக்கிறது கண்ணுக்கும் காலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான். எதிராளியோட தோள் சாயுது. நீ பாக்குற. யோசிக்குற. அப்புறம் கால் போகுது. அந்த யோசனை இருக்கே, அதுதான் வேஸ்ட்."

"யோசிக்காம எப்படி மேடம் போறது?"

"உனக்குப் பதிலா ஒருத்தி ஏற்கனவே யோசிச்சு முடிச்சுட்டா. அவ உடம்பு சொன்ன பதில் எல்லாம் இதுல பதிஞ்சிருக்கு. உன் உடம்பு கேள்வியைக் கேக்குறதுக்குள்ள இது பதிலைச் சொல்லிடும்."

யார் அந்த ஒருத்தி என்று அணித்தலைவி பஷீரா கேட்டாள். 'மூல வீராங்கனை' என்று மட்டும்தான் சொல்ல முடியும், பெயரை வெளியிட நெறிமுறைக் குழு அனுமதிக்கவில்லை என்றார் நித்திலா. ஊறுகாய் பாட்டிலில்கூட யார் போட்டது என்று எழுதியிருக்கும், இது என்ன சங்கதி என்று பஷீரா முணுமுணுத்தாள். அவளுக்குப் பட்டை ஒட்டினால் தோல் தடித்துவிடும் என்று தெரிந்ததால் அவளை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் துரத்துகிறவள் அவள்தான். குந்தியிருக்கும் எட்டுப் பேர் முதுகிலும் பூரான் ஏறியது.

திறப்பு விழாவில் திரவியம் பேசினார். பேச ஆரம்பித்தால் அவர் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் இறங்க மாட்டார்: தாம் ஒரு காலத்தில் மாநில அணியில் மின்னலாக ஓடியது, அதில் வலது முழங்கால் போனது, அந்தக் காலை இழுத்துக்கொண்டே இந்திய விளையாட்டைத் தூக்கி நிறுத்தியது. இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருந்தது. அச்சமற்ற பயிற்சி என்ற தலைப்பில் இணையவழிச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. மைதானத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். ஒருவரையும் தொட மாட்டார். தட்டிக்கொடுக்கக்கூட மாட்டார்.

பூரான் வேலை செய்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதல் வாரம் முதுகு அரித்தது. இரண்டாம் வாரம் காளீஸ்வரி தன்னைத் தானே ஆச்சரியமாகப் பார்க்கத் தொடங்கினாள். பஷீராவின் விரல் முதுகில் பட்டதும், உள்ளேயிருந்து யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது மாதிரி எழுந்தாள். எதிரணிக்காரி எந்தப் பக்கம் போவாள் என்று அவளுக்குத் தெரியாது, காலுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கல்லூரியின் ஆண்கள் அணி விளையாட்டாக ஒரு நாள் ஆட வந்து, விளையாட்டாக இல்லாமல் திரும்பிப் போனது. அண்ணனுக்கு வீடியோ அனுப்பினாள். அண்ணிதான் முதலில் பார்த்து, எங்க காளியா இது என்று குரல் பதிவு போட்டாள்.

அது காளியா என்பது காளீஸ்வரிக்கும் போகப்போகச் சந்தேகமாயிற்று.

முகம் கழுவும்போது கண்ணை மூட முடியவில்லை. சோப்பு நுரை எரித்தாலும் இமை இறங்க மறுத்தது. பின்னால் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று உடம்பு கேட்டது. யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் எட்டுப் பேருக்கும் கண் சிவந்திருந்தது. மெஸ்ஸில் நீள மேஜை. ஒரு நாள் சாம்பாரோடு வந்த சமையல்கார சரசு அக்கா, என்ன, குரூப் போட்டோ எடுக்கப் போறீங்களா என்று கேட்டபோதுதான் அவர்களே கவனித்தார்கள். எட்டுப் பேரும் இடித்துக்கொண்டு ஒரே பெஞ்சில், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிர் பெஞ்சில் பஷீரா மட்டும் தனியாக இருந்தாள். அவளுக்கு முதுகில் சுவர் தேவைப்படவில்லை.

பஷீராதான் அந்தத் தோளையும் முதலில் பார்த்தவள். யாராவது துண்டை உதறினால், கதவு படாரென்று சாத்தினால், எட்டுப் பேருக்கும் இடது தோள் சட்டென்று இறங்கும். தாடை அந்தத் தோளுக்குள் புதையும். வலது கால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் ஒரு கண் சிமிட்டலுக்குள் முடிந்துவிடும். எட்டுப் பேரும் ஒரே மாதிரி. "உங்களைப் பாத்தா ஒருத்தியையே எட்டு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்குடி," என்றாள் பஷீரா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அந்த மேஜைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஃபவுல் வந்தது அதற்கு அப்புறம்தான். பயிற்சி ஆட்டத்தின் நடுவே திரவியம் வரிசைக்குப் பின்னால் நடந்து போனார். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து. அந்தச் சத்தம் காளீஸ்வரியின் முதுகுக்கு நேராக வந்தபோது, பிடரியில் யாரோ கை வைக்கப் போவது மாதிரி ஒரு குளிர்ச்சி. அவள் எழுந்துவிட்டாள். பஷீரா மைதானத்தின் மறுகோடியில் இருந்தாள். விசில் அடித்தது. காளீஸ்வரி மட்டும் இல்லை. அவளோடு சேர்த்து, திரவியத்துக்கு முதுகு காட்டி இருந்த நாலு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

திரவியம் நெகிழ்ந்துபோனார். எழுந்து நில்லுங்கள் என்று தாம் ஒரு நாளும் கேட்டதில்லை, மரியாதை என்பது உள்ளிருந்து வர வேண்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அது இன்னும் இருக்கிறது என்று அன்று மாலையே ஒரு தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த மரியாதை புள்ளிகளைத் தின்னத் தொடங்கியபோது, நித்திலா அதை அளவுத்திருத்தப் பிழை என்று எழுதிக்கொண்டார்.

மையத்தின் தாழ்வாரத்தில் பழைய அணிகளின் படங்கள் மாட்டியிருக்கும். பஷீரா ஒரு மத்தியானம் காளீஸ்வரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினாள். ஒரு பெண் கம்பத்தைச் சுற்றித் திரும்புகிறாள். இடது தோள் இறங்கி, தாடை தோளில் புதைந்து, வலது கால் வழுக்கி. காளீஸ்வரிக்குத் தன் படத்தையே பார்த்த மாதிரி இருந்தது. கீழே பெயர் ரோஸ்லின். பல வருடங்களுக்கு முந்தைய நட்சத்திரம். தேசியப் போட்டிக்கு நடுவே ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு காணாமல் போனாளாம். ஓடிப்போய்விட்டாள் என்று மையம் முடிவு செய்து, விசாரணையை அதோடு முடித்துக்கொண்டது. திண்டுக்கல்லில் அழகு நிலையத்தில் இருப்பதாக சரசு அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரி பஸ் ஏறினாள். அந்த ஃபவுல் போகாவிட்டால் அவள் பட்டியலில் இருக்க மாட்டாள். அதை எப்படிப் போக்குவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்பது அவள் கணக்கு.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்ன மாடி அறை. நாலு சுவரிலும் கண்ணாடி. ரோஸ்லின் புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காளீஸ்வரி உட்கார்ந்தாள். ஒரு புருவம் முடிந்திருக்கும்; உதவிக்கு இருந்த பெண் பின்னால் வந்து ஈரத் துண்டைப் பட்டென்று உதறினாள்.

கண்ணாடிக்குள் கண்ணாடியாக, எங்கே பார்த்தாலும் இடது தோள்கள் இறங்கின. பாதி ரோஸ்லினுடையவை. பாதி காளீஸ்வரியுடையவை. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

ரோஸ்லினின் பல்லிலிருந்து நூல் நழுவியது. உதவிப் பெண்ணைக் கீழே டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள்.

"அது என்னோடது," என்றாள். "உனக்கு எப்படி வந்துச்சு? உன்னை யாரு அடிச்சா?"

"என்னை யாரும் அடிக்கலக்கா."

காளீஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். பூரானை, எட்டுப் பேரை, மூல வீராங்கனையை. ரோஸ்லின் கேட்டுக்கொண்டே வந்து ஓர் இடத்தில் சிரித்துவிட்டாள்.

"நான் அங்க ஆடிட்டு இருந்தப்ப இது மாதிரி ஒண்ணை முதுகுல ஒட்டி மூணு வாரம் ஆடச் சொன்னாங்க. ஹார்ட் டெஸ்ட்டுன்னாங்க. ஹார்ட் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் வேற குடுத்தாங்க."

"எழுந்திரிக்கிறது மட்டும்தான்க்கா பிரச்சனை. சார் பின்னாடி நடந்தா உடம்பு நிக்க மாட்டேங்குது."

"எப்படி நிக்கும்?" ரோஸ்லின் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க குந்தியிருப்போம். அப்ப எங்களுக்குக் கோச்சு அவருதான், பின்னாடி நடந்து வருவாரு. எழுந்திரிக்க லேட்டானா பிடரில ஒண்ணு விழும். பிரசாதம்னு பேரு வச்சிருந்தாரு. எப்ப விழும், யாருக்கு விழும்னு தெரியாது. விழுறதுக்கு முன்னாடி எழுந்துட்டா தப்பிச்சோம். மத்தவங்களுக்கு வாங்கப் பழகிருச்சு. எனக்குத் தப்பிக்கப் பழகிருச்சு. என்னா வேகம், என்னா வேகம்னு ஊரே கைதட்டுச்சு. நான் அந்தாளுகிட்ட இருந்து ஓடிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

இப்போது அவர் யாரையும் தொடுவதில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார் என்றாள் காளீஸ்வரி.

"கட்டிக்கிடட்டும். என்னை அடிச்சதே உங்க எட்டு பேருக்கும் போதுமே."

கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது அந்த அறையில் கஷ்டமாக இருந்தது. இதைக் கழற்றினால் போய்விடுமா என்று காளீஸ்வரி கேட்டாள்.

"உனக்குப் போகலாம். கழட்ட உனக்குப் பட்டை இருக்கு," என்று சொல்லி, ரோஸ்லின் நூலை மறுபடி பல்லில் கடித்தாள். "தலையை நிமித்து. ஒத்தப் புருவத்தோட அனுப்ப முடியாது."

திரும்பி வந்து கேட்டபோது நித்திலா மறுக்கவில்லை. அதுதான் காளீஸ்வரிக்கு ஆச்சரியம். இதயப் பரிசோதனை என்று சொன்னது உண்மைதான், அப்போது அது நடைமுறை வசதிக்காக என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் பதிவு செய்தது திறமை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். பிறகு காளீஸ்வரியின் பட்டையிலிருந்து பயத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தார். பயம் போயிற்று. பஷீரா வந்து முதுகைத் தொட்டுக் 'கோ' என்றாள். காளீஸ்வரி எழுந்தாள், அருப்புக்கோட்டையில் எழுந்த மாதிரி, ஒரு நொடி தாமதமாக. உபரிப் பெண்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டும் ஒரே இழைதான்," என்றார் நித்திலா. "அவ வேகம்னு தனியா ஒண்ணு இதுல இல்ல."

பழையபடி மாற்றிவிடுங்கள் மேடம் என்று கேட்டது காளீஸ்வரிதான். கேட்டுவிட்டுத் தன் குரலைத் தானே ஒரு முறை திரும்பக் கேட்டாள்.

இயக்குனரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நித்திலா அவளையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனார். இரவெல்லாம் ஒத்திகை பார்த்தவர் மாதிரி நிதானமாக எடுத்துச் சொன்னார். ரோஸ்லின் என்ற பெயர் வந்த இடத்தில் திரவியத்தின் முகம் கொஞ்சம் வெளுத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். காளீஸ்வரியின் தோள் இறங்கியது. அவர் அதைக் கூர்ந்து பார்த்தார். நித்திலா பேசி முடித்த பிறகும் வெகுநேரம் தலை குனிந்திருந்தார். மனிதர் உடைந்துவிட்டார் என்றுதான் காளீஸ்வரி நினைத்தாள். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"அப்ப, டாக்டர்," என்றார் கடைசியில், "இந்த வேகத்துக்கு மூலம் அந்தப் பொண்ணு இல்லைன்னு சொல்றீங்க."

"சார், நான் சொல்ல வந்தது..."

"அவ உடம்புக்குள்ள அதைப் போட்டது யாரு?"

தம் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, தொலைந்துபோய்க் கிடைத்த பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். தாம் அப்போது அறியாமல் செய்தது ஓர் ஆராய்ச்சி என்றார். அதற்காக வருத்தமும் பட்டார், ஒரு வாக்கியத்தில். ஆனால் இந்த எட்டுப் பேரையும் தாம் விரலால்கூடத் தொட்டதில்லை, கேமரா சாட்சி. அப்படியானால் இது என்ன? அடியே இல்லாமல் அடியின் பலன். காந்தி நாட்டில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோது, பின்சுவரில் அச்சமற்ற பயிற்சி சான்றிதழ் அவர் தலைக்கு மேலே சரியாக அமைந்திருந்தது. காப்புரிமை விண்ணப்பத்தில் தம் பெயரும் வர வேண்டும், கண்டுபிடித்தவர் என்று அல்ல, அது அடக்கமாக இருக்காது, மூலவர் என்று.

நித்திலா ராஜினாமா செய்யப்போவதாக வராந்தாவில் சொன்னார். மறுநாள் பட்டை தயாரிக்கும் நிறுவனத்தின் சேர்மன் செயல்விளக்கம் பார்க்கச் சென்னையிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. அது முடியட்டும், பிறகு ராஜினாமா செய்கிறேன் என்றார் நித்திலா.

செயல்விளக்கத்துக்கு 'திரவியம் முறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷாமியானா, பன்னீர், பழைய பேனரின் பின்பக்கத்தில் அச்சடித்த புதிய பேனர். காலையிலேயே பெண்களைக் கூட்டி வைத்துத் திரவியம் சொல்லிவிட்டார்: நான் பின்னால் நடந்துவந்து கையை ஓங்குவேன், தொட மாட்டேன், ஒவ்வொருத்தியும் சுத்தமாக எழ வேண்டும். எழுகிறவர்கள் பெயரெல்லாம் சாயங்காலமே வேலைக்குப் போய்விடும். எழாதவர் இடத்துக்கு ஆள் தயார். உபரிப் பெண்கள் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பஷீரா, இன்னைக்கு நான் தொடவே வேண்டாமாம், எனக்கு லீவு, என்று சொல்லிவிட்டுக் காளீஸ்வரியின் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேலி பேசாமல் நகர்ந்தாள்.

எட்டுப் பேரும் குந்தினார்கள். காளீஸ்வரி வழக்கம்போலக் கடைசி. சேர்மன் இளநீரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, திரவியம் அவளுக்கு எதிர்ப்பக்கமாக முதலில் நடந்தார். அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் காளீஸ்வரிக்கு அவர் முகம் தெரிந்தது. ஓங்கிய கை ஒவ்வொரு பிடரிக்கு மேலும் வரும். அந்தப் பெண் தோளை இறக்கி, தாடையைப் புதைத்து, காலை வழுக்கவிட்டு எழுவாள். ஒன்று, அடுத்தது, அடுத்தது. கோயில் மணியை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகும் குழந்தையின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. நாலு பேர் முடிந்ததும் சேர்மன் கைதட்டினார். கையே படவில்லை, பாருங்கள் என்று திரவியம் விரல்களை விரித்துக் காட்டிவிட்டு, வரிசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

ஊன்றல். இழுப்பு. மூன்று பேர் எழுந்தார்கள்.

சத்தம் காளீஸ்வரியின் முதுகுக்கு நேராக வந்து நின்றது. பிடரியில் குளிர்ச்சி இறங்கியது. உடம்பு கிளம்பிவிட்டது, அவள் பத்து விரலையும் மண்ணுக்குள் குத்தி அதைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணியின் பெருமூச்சு ஞாபகத்துக்கு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். பூரானின் கால்கள் ஒவ்வொன்றும் முதுகில் எழு, எழு என்றன. கண்ணில் நீர் கோத்தது. மேலே கை ஓங்கியபடியே நின்றது. தொடவும் முடியாது, இறக்கவும் முடியாது.

"எழுந்திரி," என்றார் திரவியம், சேர்மனைப் பார்த்த சிரிப்பு மாறாமல், உதட்டுக்குள்.

உபரிப் பெண்ணொருத்தி ஓர் அடி முன்னால் வைத்தாள். பட்டியலில் தன் பெயர் இருந்த இடம் போய்விட்டது என்று காளீஸ்வரிக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஒன்றும் அவசரம் இருக்கவில்லை. விரல்களை மண்ணிலிருந்து எடுத்தாள். எழுந்தாள், தன்னுடைய வேகத்தில். ஆட்டத்தில் செய்யக் கூடாததைச் செய்தாள். திரும்பி நின்றாள். அவருக்கும் அவளுக்கும் ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. என்ன செய்கிறோம் என்று எண்ணாமலே வலது கையை ஓங்கினாள்.

திரவியத்தின் இடது தோள் இறங்கியது. தாடை தோளுக்குள் புதைந்தது. இத்தனை வருடம் இழுத்துக்கொண்டே நடந்த அந்த வலது கால், இழுபடாமல், வாலிபன் கால் மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கிப் போனது. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

ஷாமியானாவில் ஒரே கைதட்டல். சேர்மன் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார்.

"பிரமாதம். சாரும் பட்டை போட்டிருக்காரா?"

"இல்ல சார்," என்றார் நித்திலா.

"பின்ன, இது யாரோட பதிவு?"

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தலைக்கு மேல் வரப்போவதற்காகக் காத்து நிற்கும் அந்தப் பெரிய மனிதரையே நித்திலா பார்த்தார்.

"தெரியல சார்," என்றார். "ரொம்பப் பழசா இருக்கும்."

காளீஸ்வரியின் கை இன்னும் மேலேதான் இருந்தது. பூரான் முதுகில் சும்மா கிடந்தது. இந்த இடத்துக்கு ரோஸ்லினின் உடம்பில் பதில் எதுவும் இருந்திருக்கவில்லை. எதிரில் ஒரு சின்னப் பையனின் முகம், அடி விழட்டும் என்று. அவள் கையை இறக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது அங்கே, அந்த உயரத்தில், இலேசாக, சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போல இருந்தது.

அவள் இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.